மேடையில் பாட்டு, ஏட்டில் தீர்ப்பு
தென்னிந்திய இசை மாநாடுகளில் பாடுபவரின் இடம்

கேள்வி

சென்னை மார்கழிக் கச்சேரிகளுக்குப் போய்வருகிறவர்களுக்குக் காலை அமர்வுகள் பழக்கமானவை. பேசுகிறவர் ஒரு ராகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வருவார். ஓரிடத்தில் நிறுத்தி, பக்கத்தில் தம்பூராவோடு உட்கார்ந்திருக்கும் பாடகரைப் பார்ப்பார். அவர் ஒரு பிடியைப் பாடுவார்; முன்வரிசையில் தலைகள் அசையும்; பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும். ரசிகர்கள் ‘லெக்டெம்’ என்று சுருக்கிச் சொல்லும் இந்த வடிவத்துக்குள் ஒரு வேலைப் பிரிவினை இருக்கிறது. பேசுபவர் வாதிடுகிறார், பாடுபவர் அந்த வாதத்துக்குச் சாட்சியாக அழைக்கப்படுகிறார். இருவரும் ஒருவரே என்றாலும் பேச்சு ஆய்வு என்றும் பாட்டு அதற்கு எடுத்துக்காட்டு என்றுமே கொள்ளப்படுகின்றன. பிறகு மாநாட்டு மலர் அச்சாகும்போது எடுத்துக்காட்டு உதிர்ந்துபோய்ப் பேச்சு மட்டும் நிற்கிறது.

நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் நம் இசை மாநாடுகளில் பாட்டுக்கு என்ன மதிப்பு தரப்பட்டது? தீர்ப்பு சொல்லும் உரிமை அதற்கு இருந்ததா, சாட்சி சொல்லும் வேலை மட்டும்தானா? அந்த மதிப்பீட்டால் இசையைப் பற்றிய நம் அறிவு எந்தப் பக்கம் சாய்ந்தது? தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் கூட்டிய மாநாடுகள், சென்னை மியூசிக் அகாடமியின் வித்வான்கள் குழு, தமிழ் இசைச் சங்கத்தின் பண் ஆராய்ச்சி ஆகிய மூன்றை வைத்து இதை ஆராயலாம். ஒப்பிட்டுப் பார்க்க 1932-இல் கெய்ரோவில் நடந்த அரபு இசை மாநாடு உதவும்.

இதுவரை சொல்லப்பட்டவை

இந்த மாநாடுகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் சென்றுள்ளன. லக்ஷ்மி சுப்பிரமணியன், அமாண்டா வைட்மன் ஆகியோரின் நூல்கள் இரண்டும் 2006-இல் வெளிவந்தவை. காலனிய நகரத்துப் படித்த நடுத்தர வகுப்பு தனக்கென ஒரு ‘செவ்வியல்’ இசையை வகுத்துக்கொண்ட முயற்சியில் மாநாடுகளும் சபாக்களும் அச்சிட்ட சுரக்குறிப்பும் கருவிகளாயின என்பது இவ்வகை ஆய்வுகளின் மையக் கருத்து. வடக்கே பாத்கண்டே, பலுஸ்கர் இருவரையும் வைத்து ஜானகி பாக்லே எழுதிய நூலும் (2005) இதே திசையில், முஸ்லிம் உஸ்தாதுகள் எவ்வாறு ஓரங்கட்டப்பட்டார்கள் என்று காட்டுகிறது. தமிழில் நடந்த ஆய்வின் கவலை வேறு. மு. அருணாசலம், வீ.ப.கா. சுந்தரம் போன்றோர் இந்த இசை யாருடையது, எவ்வளவு பழையது என்று கேட்டார்கள். தமிழ்ப் பண்மரபின் தொடர்ச்சியை நிறுவ உழைத்தார்கள்.

இரண்டு வழிகளும் மாநாட்டை நடத்தியவர் யார், அங்கே எட்டப்பட்ட முடிவு என்ன என்பவற்றையே முதன்மையாகப் பார்க்கின்றன. சாதியும் மொழியும் மிகுதியும் விளக்குகின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அகாடமியை எதிர்த்து எழுந்த தமிழிசை இயக்கமும் அதே வரவேற்புக் குழு, அதே தலைமையுரை, அதே தீர்மானம் என்ற வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டது. எதிரெதிர் அணிகள் ஒரே சட்டகத்துக்குள் நின்று சண்டை போட்டிருக்கின்றன. அந்தச் சட்டகத்துக்கே ஒரு சாய்வு உண்டா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

தஞ்சையும் பரோடாவும்

ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். ஆசிரியராக இருந்து சித்த மருத்துவராகி, தஞ்சையில் கருணாநிதி வைத்தியசாலையை நடத்திப் பெரும் செல்வம் ஈட்டினார். அந்தச் செல்வத்தைக் கொண்டு சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, 1912 மே மாதத்தில் அதன் முதல் மாநாட்டைக் கூட்டினார். 1916 வரை தொடர்ந்த இந்தக் கூட்டங்களில் அவர் எழுப்பிய முதன்மையான வழக்கு சுருதி பற்றியது. வடமொழி நூல்களின் வழியில் ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதி என்று சொல்லப்பட்டதை அவர் மறுத்தார். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையையும் உரைகள் சொல்லும் ஆயப்பாலை, வட்டப்பாலை முறைகளையும் கொண்டு, சம அளவுள்ள 24 சுருதிகளே சரி என்று வாதிட்டார். 1917-இல் வெளிவந்த ‘கருணாமிர்த சாகரம்’ அந்த வாதத்தின் முழு வடிவம்.

1916 மார்ச்சில் மகாராஜா சாயாஜிராவின் ஆதரவில் பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு கூடியது. பாத்கண்டே தம் புகழ்பெற்ற வரலாற்றுரையை நிகழ்த்தியது அங்கேதான். பண்டிதரும் போயிருந்தார், அவர் கருத்தை விளக்க அவருடைய மகள்கள் அவையில் பாடிக் காட்டினார்கள். 1916-இல் தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள் பரோடா வரை போய், அரசரும் உஸ்தாதுகளும் இருந்த அவையில் பாடியது சின்ன விஷயமில்லை. ஆனால் அவர்கள் பாடியது ‘தந்தையின் கொள்கைக்கு நிரூபணம்’ என்ற அளவிலேயே வரலாற்றில் நிற்கிறது. அந்தப் பெண்கள் சுருதியைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை.

அதே மாநாட்டில் நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. கிளமென்ட்ஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியும் ஓய்வுபெற்ற டெபுடி கலெக்டர் தேவலும் 22 சுருதிக் கணக்குப்படி ஒரு ஹார்மோனியம் செய்வித்திருந்தார்கள். அது அவையில் சோதிக்கப்பட்டது. துருபத் பாடகர் ஜாகிருத்தீன் கான் பாடிய சுரங்களோடு அது ஒத்துப்போகவில்லை. கணக்கு தோற்றது, குரல் வென்றது. நான் அறிந்த மாநாட்டு வரலாற்றில் பாட்டு தீர்ப்பாகவே நின்ற அரிய தருணங்களில் இது ஒன்று. அப்போதும் அந்த வெற்றியை எழுத்தில் பயன்படுத்திக்கொண்டவர் பாத்கண்டே. கான் சாகிப் இல்லை.

சுருதி வழக்கை இன்றைய அளவையில் வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் என்று கொண்டால், பண்டிதரின் சுருதி ஒன்றுக்கு 50 சென்ட். அவர் கணக்கில் பஞ்சமம் 700 சென்ட்டில் விழுகிறது. இயற்கையான பஞ்சமம் 702. இரண்டு சென்ட் வேறுபாட்டைக் காது பொருட்படுத்தாது. அந்தர காந்தாரத்தில் வேறுபாடு கூடுகிறது: சம அளவில் 400, இயற்கை விகிதத்தில் 386. இந்தப் பதினான்கு சென்ட்டைப் பற்றித்தான் பக்கம் பக்கமாகச் சண்டை. ஆனால் தோடியில் காந்தாரத்தைப் பாடும் ஒருவர் அந்தச் சுரத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்தின் பக்கமிருந்து மத்தியமத்தின் பக்கம் வரை அசைத்துத்தான் அது காந்தாரமாகிறது. அசைவின் அகலத்தோடு ஒப்பிட்டால் பதினான்கு சென்ட் ஒரு பொருட்டில்லை. இருபத்திரண்டா இருபத்துநான்கா என்ற கேள்வி, சுரம் என்பது நிலையான ஒரு புள்ளி என்று முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. அந்த எடுகோளைத் தோடி பாடத் தெரிந்த எந்த வித்வானும் இரண்டு நிமிடத்தில் தகர்த்திருக்கலாம். அவையில் வித்வான்கள் இல்லாமல் இல்லை. கேள்வி அவர்களிடம் அந்த வடிவில் போகவில்லை.

அகாடமியின் காலை

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதையொட்டி அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது. 1930 முதல் அதன் ஆய்விதழ் வந்தது. அரசியல் மாநாட்டின் நிழலில் பிறந்ததால் அதன் நடைமுறையும் ஒட்டிக்கொண்டது என்று கொள்வதில் தவறில்லை. வித்வான்கள் குழு காலையில் கூடி ஒவ்வொரு ராகமாக எடுத்து, கீதங்களையும் கீர்த்தனைகளையும் பாடிப் பார்த்து, ஆரோகண அவரோகணத்தையும் முக்கியச் சஞ்சாரங்களையும் வகுத்து நடவடிக்கைக் குறிப்பில் பதிந்தது.

இங்கே ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். தஞ்சையைப் போலன்றி, அகாடமியில் தலைமை ஏற்றவர்களில் பெரும்பாலோர் மேடைக் கலைஞர்களே: ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், அரியக்குடி, முசிறி என்று பட்டியல் நீளும். எனவே ‘பேசியவர் பண்டிதர், பாடியவர் சாட்சி’ என்ற என் சூத்திரம் இங்கே அப்படியே பொருந்தாது. வித்வான்களே நீதிபதிகளாக அமர்ந்தார்கள். ஆனால் எந்த வித்வான்கள்? தலைமை ஏற்ற முதல் பெண் எம்.எஸ். சுப்புலட்சுமி, அது 1968-இல், அகாடமி தோன்றி நாற்பது ஆண்டுக்குப் பின். மிருதங்கக் கலைஞர் ஒருவருக்கு, பாலக்காடு மணி ஐயருக்கு, தலைமை ஏற்பவருக்குத் தரப்படும் சங்கீத கலாநிதிப் பட்டம் வர 1966 வரை ஆனது. நாகஸ்வரம் விழாவைத் தொடங்கிவைத்தது; மங்கல இசை வாசித்துவிட்டு இறங்குபவரிடம் ராகத்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்கும் வழக்கம் வலுப்படவில்லை. இத்தனைக்கும் தோடி, கல்யாணி போன்ற ராகங்களை மணிக்கணக்கில் விரிக்கும் கலையைத் தெருவிலும் கோயிலிலும் வளர்த்தது நாகஸ்வரக்காரர்கள்தாம். நடனத்தின் கதை தனி நூலுக்குரியது. 1931-இல் கல்யாணி அம்மாளின் மகள்கள் அகாடமி மேடையில் ஆடினார்கள். அடுத்த ஆண்டே அவர்கள் பிறந்த தேவதாசிக் குலத்தின் ஆட்டம் நிகழலாமா என்று முத்துலட்சுமி ரெட்டியும் ஈ. கிருஷ்ண ஐயரும் செய்தித்தாளில் வாதிட்டார்கள்.

வடிவத்தின் சாய்வு ராக லட்சணத்தில்தான் நன்றாகத் தெரிகிறது. முத்துசுவாமி தீட்சிதர் மரபில் தேவக்கிரியா எனப்படும் ராகத்தை இன்று மேடையில் சுத்த சாவேரி என்கிறோம். 1904-இல் எட்டயபுரத்தில் அச்சான சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யிலோ சுத்த சாவேரி என்ற பெயர் வேறொரு ராகத்துக்கு உரியது. இரண்டு பாடாந்தரமும் தத்தம் வீட்டில் சரியானவை. குருவிடம் கற்ற சீடருக்கு இதில் குழப்பமே இல்லை. குழு கூடி ஒரு விடை எழுத வேண்டும் என்னும்போதுதான் ஒன்று சரி, மற்றது பிழை அல்லது ‘அருகிய வழக்கு’ என்றாகிறது. தீர்மானத்துக்கு ஒரே விடைதான் வசதி. பாட்டு பல விடைகளோடு வாழப் பழகியது.

பண்ணுக்கு ராகம் எழுதுதல்

1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாடும், 1943-இல் அமைந்த தமிழ் இசைச் சங்கமும் முதலில் கேட்டது மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம். ஆய்வு பிறகு வந்தது. 1949 முதல் சங்கம் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்தத் தொடங்கியது. இதற்கு இரண்டு ஆண்டு முன்னர், 1947-இல், விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூல்’ திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறி, பழந்தமிழ் இசையைக் கணக்கோடு மீட்டெடுக்கலாம் என்ற நம்பிக்கையை ஊட்டியிருந்தது.

பண் ஆராய்ச்சியின் முறை மற்றவற்றைவிட எனக்கு உவப்பானது. ஓதுவார்கள் வந்து தேவாரத்தைப் பாடினார்கள்; இசையறிஞரும் தமிழறிஞரும் கேட்டு விவாதித்தார்கள்; இந்தப் பண்ணுக்கு இன்று நிகரான ராகம் எது என்று காண முயன்றார்கள். கோயில் மரபினரை மாநாட்டு மேடைக்குக் கொண்டுவந்தது பெரிய காரியம். ஆனால் முடிவு என்ன வடிவில் வந்தது? பட்டியலாக. இன்று தேவாரப் பதிப்புகளில் அச்சாகும் பட்டியல்களைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் சில விஷயங்கள் உறுத்தும்.

கொல்லி என்றால் நவரோஜ். கொல்லிக்கௌவாணமும் நவரோஜ். காந்தாரமும் பியந்தைக் காந்தாரமும் அதே நவரோஜ். தக்கராகம் காம்போதி, தக்கேசியும் காம்போதி. மறுபக்கம் பழந்தக்கராகத்துக்கு ஆரபி, சுத்த சாவேரி என இரண்டு. அந்தாளிக்குறிஞ்சிக்குச் சாமா, சைலதேசாட்சி என இரண்டு. நான்கு பண்ணுக்குத் தனித்தனிப் பெயர் வைத்த மரபு, அவற்றை ஒன்றாகவே பாடியிருக்குமா? நவரோஜோ மந்தர பஞ்சமத்தில் தொடங்கி நடுப் பஞ்சமத்தோடு நின்றுவிடும் குறுகிய ராகம். மேல் ஷட்ஜத்தை அது தொடுவதில்லை. நான்கு பண்களும் இந்தச் சிறு எல்லைக்குள் அடங்கின என்பதற்கு எழுத்துச் சான்று எதையும் நான் காணவில்லை. இன்றைய ஓதுவார் மரபு அவற்றை அப்படிப் பாடுகிறது என்பதே சான்று. அந்த வழக்கமோ பிற்கால ராக மரபு கோயிலுக்குள் வந்து கலந்தபின் உருவானது என்று கருத நிறைய இடம் உண்டு.

இதை வைத்து ஓதுவார் மரபைத் தள்ளிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அது அவசரம். ஒரே நவரோஜில் பாடினாலும் யாப்புக்கேற்ற கட்டளை வேறு, நடை வேறு, ‘திருச்சிற்றம்பலம்’ என்று தொடங்கிப் பண்ணை விரிக்கும் இழுவை வேறு. பண்களிடையே வேறுபாடு எங்காவது மிஞ்சியிருந்தால் அது இவற்றில்தான் மிஞ்சியிருக்கும். ‘கொல்லி–நவரோஜ்’ என்று இரண்டு சொல்லில் எழுதிய உடனே அவற்றைத் தேடும் வேலை முடிந்ததாகிவிடுகிறது.

இன்னொரு சான்றும் உண்டு. மேகராகக்குறிஞ்சிக்கு நிகர் நீலாம்பரி என்பதில் பட்டியல்கள் ஒன்றுபடுகின்றன. நீலாம்பரி தாலாட்டுக்குப் பேர்போனது. மேகராகக்குறிஞ்சிப் பதிகங்களையோ மழை வேண்டிப் பாடுகிறார்கள். 2019 வறட்சியில்கூட அறநிலையத்துறைக் கோயில்களில் அப்படிப் பாடச் சொன்னார்கள். அதே சுரங்கள் ஓரிடத்தில் குழந்தையைத் தூங்கவைக்கின்றன, வேறிடத்தில் மேகத்தை அழைக்கின்றன. புறநீர்மையில் இந்தச் சிக்கல் இல்லை: அது பகற்பண்களில் முதலாவது, அதற்கு இணையாகச் சொல்லப்படும் பூபாளமும் விடியற்கால ராகம். காலமும் பயனும் சேர்ந்து பொருந்தும் இணையும், சுரம் மட்டும் பொருந்தும் இணையும் பட்டியலில் ஒரே தகுதியோடு அடுத்தடுத்து நிற்கின்றன. இது ஆய்வின் குறை என்றே சொல்வேன்.

பண் அடைவைப் பற்றித் திருமுறைகண்ட புராணம் சொல்லும் கதையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஏடுகள் தில்லையில் கிடைத்தபின் அவற்றுக்குப் பண் வகுக்க அரசனுக்கும் நம்பியாண்டார் நம்பிக்கும் ஆள் வேண்டியிருந்தது. திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் அழைக்கப்பட்டாள். அவள் பாடியதே பண் முறை ஆயிற்று. கதைதான், வரலாறாகக் கொள்ள முடியாது. ஆனால் அந்தக் கதையைச் சொன்னவர்களுக்குப் பாடத் தெரிந்தவளே அதிகாரி என்பதில் தயக்கமில்லை.

கெய்ரோ, 1932

1932 மார்ச், ஏப்ரலில் எகிப்திய மன்னர் ஃபுவாதின் ஆதரவில் கெய்ரோவில் கூடிய மாநாட்டுக்கு பேலா பார்டோக், ஹிண்டெமித், ஹோர்ன்போஸ்டெல், கூர்ட் சாக்ஸ் முதலியோர் வந்தார்கள். அங்கும் ஸ்தாயியை 24 சம பாகமாக்கலாமா என்ற வழக்கு எழுந்து, முடிவில்லாமல் நின்றது. பண்டிதர் இருந்திருந்தால் உற்சாகமாகக் கலந்துகொண்டிருப்பார்.

ஆனால் கெய்ரோவில் ஒலிப்பதிவுக்கென்று தனிக் குழு இருந்தது. ராபர்ட் லாக்மனின் தலைமையில் எகிப்து, ஈராக், மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா நாடுகளின் குழுக்களை இசைத்தட்டில் பதிந்தார்கள். அந்த மாநாடும் குற்றமற்றதல்ல. ஐரோப்பிய அறிஞர்கள் பழமை கெடாத இசையைத் தேடினார்கள். எகிப்தியரில் பலர் பியானோவையும் புதுமையையும் விரும்பினார்கள். எதைப் பதிவது என்ற தேர்வில் அந்தச் சார்பு படிந்திருக்கிறது. ஆயினும் மாநாட்டின் தீர்மானங்களை இன்று ஆய்வாளரைத் தவிர யாரும் புரட்டுவதில்லை. ஒலிப்பதிவுகளை 2015-இல் பிரான்ஸ் தேசிய நூலகம் 18 குறுவட்டுகளாக வெளியிட்டது. ஈராக்கிலிருந்து முகம்மது அல்-குபாஞ்சியோடு வந்த வாத்தியக்காரர்களில் பெரும்பாலோர் யூதர்கள். 1950களின் தொடக்கத்தில் ஈராக்கிய யூதர்கள் ஏறக்குறைய அனைவரும் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். அந்த வாசிப்பைக் கேட்டு, மாநாட்டு அறிஞர்கள் எழுதியது சரியா என்று இன்றைய ஒருவர் மறுபரிசீலனை செய்ய முடிகிறது.

1912-இல் தென்னிந்தியாவில் இசைத்தட்டு புதிதல்ல. கோயம்புத்தூர்த் தாயியின் குரல் அதற்கு முன்பே தட்டில் விற்றது. தஞ்சை மாநாட்டை நாம் அறிவதோ அச்செழுத்தின் வழியாக மட்டுமே. பண்டிதரின் முடிவை அவருடைய வாதத்தைக் கொண்டே சோதிக்க முடியும். அவர் கேட்டதைக் கேட்டுச் சோதிக்க முடியாது.

கலைஞர் வாதிடும்போது

கலைஞருக்குப் பேசத் தெரியாது, அதனால்தான் அறிஞர் பேச வேண்டியிருக்கிறது என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1975 ஒன்றே அவர்களுக்கு விடை. அந்த ஆண்டு டிசம்பரில் தமிழ் இசைச் சங்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய டி. பாலசரஸ்வதி, அலாரிப்பு முதல் தில்லானா வரை ஆட்டத்தின் வரிசை ஏன் அப்படி அமைந்தது என்பதைக் கோயிலின் அமைப்போடு பொருத்தி விளக்கினார். பரதநாட்டியத்தைப் பற்றிய கோட்பாட்டு எழுத்துகளில் அதற்கு இணையாக எதையும் நான் படித்ததில்லை. அதே ஆண்டில் அவருடைய தம்பி, புல்லாங்குழல் கலைஞர் டி. விஸ்வநாதன், ராக ஆலாபனையைப் பற்றி அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். இருவரும் பிறந்த வீணை தனம்மாள் குடும்பத்தின் பாடாந்தரம் அந்த ஆய்வுக்குள் முறையாகவே வந்தது. இருவரும் கலைஞர்களாக இருந்தபடியே வாதிட்டார்கள்.

இவை விதிவிலக்குகளாகவே நின்றுவிட்டன. இன்று கல்லூரிகளில் நடக்கும் இசை, நாட்டார்கலைக் கருத்தரங்குகளைப் பாருங்கள். வாசலில் பறையும் நாதஸ்வரமும் விருந்தினரை வரவேற்கின்றன. உள்ளே, அந்தப் பறையைப் பற்றி ஆளுக்குப் பதினைந்து நிமிடம் கட்டுரை வாசிக்கப்படுகிறது. பறை அடித்தவர் அப்போது வெளியே சாப்பாட்டுக்குக் காத்திருப்பார். ஐ.எஸ்.பி.என். எண்ணோடு வரும் தொகுப்பில் அவர் பெயர் நன்றியுரையில்கூட இருப்பது நிச்சயமில்லை. பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை தேவைப்படும் காலத்தில் இது விரைவில் மாறும் என்று தோன்றவில்லை.

ஆனால் மாற்றுவதற்குப் பெரும் செலவு ஒன்றும் வேண்டாம். ஒலிப்பதிவு இப்போது கைபேசியிலேயே இருக்கிறது. மாநாட்டை நடத்துகிறவர்கள், அமர்வில் பாடியதையும் வாசித்ததையும் முழுமையாகப் பதிந்து, கட்டுரைத் தொகுப்போடு பொதுவில் வையுங்கள். பாடியவரையும் அடித்தவரையும் கட்டுரையின் இணை ஆசிரியராகப் பெயரிடுங்கள். ஓதுவாரிடம் ‘இது எந்த ராகம்’ என்று கேட்பதற்கு முன், ‘கொல்லியையும் காந்தாரத்தையும் நீங்கள் எப்படிப் பிரித்துப் பாடுகிறீர்கள்’ என்று கேளுங்கள். விடையைப் பாடச் சொல்லியே கேளுங்கள்.